வேடந்தாங்கல் ஏரியில் ஒன்றுபோல் தோன்றும் பறவைகளைப் பிரித்தறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்துக்கு அருகே இருக்கும் வேடந்தாங்கல் ஏரி, சுமார் 30 ஹெக்டேர் பரப்பே கொண்ட ஒரு சிறிய பாசன ஏரி. நல்ல மழை பெய்த ஆண்டின் டிசம்பர் மாதத்தில் அதன் கரையில் ஏறி நின்றால், நீருக்குள் நிற்கும் மரங்களின் மீது ஆயிரக்கணக்கான பறவைகளை ஒரே பார்வையில் காணலாம். புதிதாக வருபவர்களுக்கு அங்கேதான் திகைப்பும் தொடங்குகிறது. வெள்ளையாக இருப்பவை எல்லாம் கொக்கு, கருப்பாக இருப்பவை எல்லாம் நீர்க்காகம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கரையில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் கேட்ட கேள்விகளும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளும் கீழே உள்ளன.

எந்த மாதத்தில், எந்த நேரத்தில் செல்வது நல்லது?

வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய பிறகு, அதாவது நவம்பர் முதல் மார்ச் வரை. மழை பொய்த்த ஆண்டில் பறவைகளும் பொய்த்துவிடும் என்பதால், புறப்படுவதற்கு முன் ஏரியில் நீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது அவசியம். ஒரு நாளில் இரண்டு வேளைகள் சிறந்தவை. காலையில் 6 மணி முதல் 9 மணி வரை வெயில் சாய்வாக விழுவதால் அலகு, கால் ஆகியவற்றின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் 4 மணிக்குப் பிறகு, சுற்று வட்டார ஏரிகளிலும் வயல்களிலும் இரை தேடிய பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். இனம் பிரித்துப் பழக விரும்புபவருக்குக் காலை வேளையும், பறக்கும் பறவையைப் பார்த்துப் பழக விரும்புபவருக்கு மாலை வேளையும் ஏற்றவை. நண்பகலில் வருபவர்கள் கானல் ஆடும் வெள்ளைப் புள்ளிகளைத்தான் பார்த்துத் திரும்ப நேரிடும்.

இவ்வளவு சிறிய ஏரியைப் பறவைகள் ஏன் விரும்புகின்றன?

நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களே முதற்காரணம். சுற்றிலும் தண்ணீர் நிற்பதால் காட்டுப்பூனை போன்றவை கூட்டுக்கு எளிதில் வர முடிவதில்லை. இரண்டாவது, சுற்றிலும் இருக்கும் ஏரிகளும் நெல் வயல்களும் தரும் இரை. மூன்றாவது காரணம் ஊர் மக்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரமாவதை அறிந்த அவ்வூர் விவசாயிகள், 18-ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து முறையிட்டு, அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து பாதுகாப்பு ஆணையைப் பெற்றார்கள். 2022-இல் இந்த ஏரி, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

இங்கே வருபவை எல்லாம் வெளிநாட்டுப் பறவைகளா?

இல்லை. இந்தத் தவறான எண்ணம் இனம் பிரிப்பதையும் குழப்புவதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரங்களின் மீது கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகங்கள், பாம்புத்தாரா, வெண்கொக்குகள், வக்கா ஆகிய அனைத்தும் இந்தியாவுக்குள்ளேயே வாழ்ந்து, மழைக்கும் இரைக்கும் ஏற்ப இடம் மாறுபவை. வட ஆசியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வலசை வருபவை ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், பலவகை உள்ளான்கள் போன்றவை. அவை இங்கே உண்டு, ஓய்வெடுத்துத் திரும்பிவிடும்; கூடு கட்டுவதில்லை. ஆகவே, கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவையைக் காட்டி “இது சைபீரியாவிலிருந்து வந்தது” என்று யாராவது சொன்னால், அவர் சொல்லும் பெயரையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கையேட்டில் இருக்கும் படமும் கண்ணெதிரே இருக்கும் பறவையும் ஒத்துப்போவதில்லையே?

மேலே சொன்ன வேறுபாட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. வட இந்தியாவில் கொக்கும் நீர்க்காகமும் தென்மேற்குப் பருவமழையின்போது, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இனப்பெருக்கம் செய்கின்றன. நமது கிழக்குக் கரையில் மழைக்காலமே ஐப்பசி, கார்த்திகையில்தான் என்பதால், அதே பறவைகள் இங்கே குளிர்காலத்தில் கூடு கட்டுகின்றன. கையேடுகள் பலவற்றில் “குளிர்காலத் தோற்றம்” என்று போட்டிருக்கும் படத்தை எடுத்துக்கொண்டு டிசம்பரில் வேடந்தாங்கலுக்குப் போனால், அங்கே இருக்கும் கொக்குகள் தூவிகள் (மெல்லிய அலங்கார இறகுகள்) வளர்ந்து, அலகு நிறம் மாறி, முழுக் கல்யாணக் கோலத்தில் நிற்கும். அதே நாளில், அதே ஏரியின் சேற்றில் மேயும் உள்ளான்களோ இனப்பெருக்கக் காலம் முடிந்து, மங்கிய உடையில் இருக்கும். ஒரே காட்சியில் இரண்டு நாட்காட்டிகள் ஓடுகின்றன. எனவே பக்கத்தைப் புரட்டும் முன், பார்க்கும் பறவை இங்கே கூடு கட்டுவதா, விருந்துக்கு வந்ததா என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். முன்னதற்கு இனப்பெருக்கத் தோற்றத்தையும் பின்னதற்கு மற்றத் தோற்றத்தையும் ஒப்பிட வேண்டும்.

அப்படியானால் எதை முதலில் பார்ப்பது?

உருவத்தை. கழுத்தின் நீளம், அலகின் வடிவம், உட்காரும் விதம், நடை, பறக்கும்போது கழுத்தை வைத்துக்கொள்ளும் முறை ஆகியவை பருவத்துக்குப் பருவம் மாறுவதில்லை. நிறம் வயதாலும் பருவத்தாலும் வெளிச்சத்தாலும் மாறும். சூரியனுக்கு எதிரே நிற்கும் வெண்கொக்கு கருப்பாகத் தெரியும். மாலை வெயிலில் எல்லாமே பொன்னிறமாகிவிடும். உடல் அளவும் தனியாக நிற்கும் பறவையில் ஏமாற்றக்கூடியதுதான். பக்கத்தில் தெரிந்த பறவை ஒன்று நின்றால் மட்டுமே அளவை நம்பலாம்.

வெண்கொக்குகளை எப்படிப் பிரிப்பது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவே. அதிகம் தவறு நடப்பதும் இங்கேதான். தூய வெள்ளையாக மூன்று கொக்குகள் உண்டு: சிறு வெண்கொக்கு, நடுத்தர வெண்கொக்கு, பெரிய வெண்கொக்கு. இவற்றோடு உண்ணிக்கொக்கும் சேர்ந்தால் நான்கு.

கூடு கட்டாத காலத்தில் வேலை எளிது. சிறு வெண்கொக்கின் அலகு கருப்பு, கால் கருப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். கருப்புக் காலுக்கு மஞ்சள் செருப்பு போட்டதுபோல் இருக்கும். ஆழமில்லாத நீரில் ஒரு காலை நடுங்க வைத்துச் சேற்றைக் கிளறி மீனை வெளியே வரச் செய்யும் பழக்கமும் அதற்கு உண்டு. மற்ற இரண்டுக்கும் அலகு மஞ்சள், காலும் விரலும் கருப்பு.

டிசம்பரில் இந்த எளிமை போய்விடுகிறது. இனப்பெருக்கக் காலத்தில் நம் நாட்டு நடுத்தர வெண்கொக்கு, பெரிய வெண்கொக்கு இரண்டின் அலகும் கருப்பாக மாறுவதால், கூட்டருகே நிற்கும் மூன்றுக்கும் கருப்பு அலகுதான். “கருப்பு அலகு என்றால் சிறு வெண்கொக்கு” என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே வரிசையாகத் தவறு செய்வார்கள். அப்போது தூவிகளைப் பார்க்க வேண்டும். சிறு வெண்கொக்கின் பிடரியிலிருந்து இரண்டு நீண்ட, மெல்லிய தூவிகள் தொங்கும். நடுத்தர வெண்கொக்குக்குத் தலையில் ஒன்றும் இராது. மார்பிலும் முதுகிலும் தூவிகள் இருக்கும். பெரிய வெண்கொக்குக்கு முதுகில் மட்டுமே. ஐரோப்பியப் பெண்களின் தொப்பிகளை அலங்கரிப்பதற்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தத் தூவிகளுக்காகவே கொக்குகள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டன என்பதை இங்கே நினைத்துக்கொள்வது தகும்.

எல்லாப் பருவத்துக்கும் பொருந்தும் அடையாளம் ஒன்று உண்டு. அலகு பிளக்கும் இடத்திலிருந்து முகத்தில் ஒரு கோடு பின்னோக்கி ஓடும். நடுத்தர வெண்கொக்கில் அந்தக் கோடு கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிடும். பெரிய வெண்கொக்கில் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். கூடவே, பெரிய வெண்கொக்கின் கழுத்து உடலைவிட நீளமானது. நடுவில் முறிந்து ஒட்டவைத்தது போன்ற ஒரு முடிச்சு தெரியும். நடுத்தர வெண்கொக்கின் கழுத்தும் உடலும் ஏறக்குறையச் சம நீளம். தலை உருண்டை, அலகு குட்டை.

ஒரு முறை மதகின் அருகே தனியாக நின்ற கொக்கை அரை மணி நேரம் பார்த்து, நடுத்தர வெண்கொக்கு என்று உறுதியாகக் குறித்துக்கொண்டு வந்தேன். கழுத்தைச் சுருக்கிக்கொண்டு தூங்கியதால் குட்டையாகத் தெரிந்திருக்கிறது. இரவு வீட்டில் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அலகிலிருந்து வந்த கோடு கண்ணைக் கடந்து தெளிவாகப் பின்னால் போயிருந்தது. அரை மணி நேரம் பார்த்தேனே தவிர, பார்க்க வேண்டிய ஓர் அங்குல இடத்தைப் பார்க்கவில்லை.

உண்ணிக்கொக்கை எப்படித் தனியாகத் தெரிந்துகொள்வது?

நான்கில் மிகக் குட்டையானது இது. மஞ்சள் அலகு தடித்துச் சிறியதாக இருக்கும். தாடைக்குக் கீழே இறகு சற்றுப் புடைத்திருப்பதால், முகம் வீங்கியது போன்ற தோற்றம் வரும். மாட்டின் பின்னாலும், உழவு ஓட்டும் டிராக்டரின் பின்னாலும் நடந்துபோவது பெரும்பாலும் இதுதான். கூடு கட்டும் காலத்தில் தலை, கழுத்து, முதுகு ஆகியவை ஆரஞ்சு கலந்த பழுப்பாக மாறிவிடுவதால், அப்போது சந்தேகத்துக்கே இடமில்லை.

மடையானுக்கும் வக்காவின் குஞ்சுக்கும் என்ன வேறுபாடு?

மடையானைச் சிலர் குருட்டுக்கொக்கு என்பார்கள். வரப்போரம் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருக்கும்; காலடி வரை போனாலும் தெரியாது. எழுந்து பறந்ததும் சட்டென்று வெள்ளைச் சிறகு விரியும். முதல் முறை பார்ப்பவர்கள் “பழுப்புப் பறவை எங்கே போயிற்று, இந்த வெள்ளைப் பறவை எங்கிருந்து வந்தது” என்று கேட்பதுண்டு. வக்கா என்னும் இராக்கொக்கின் முதிர்ந்த பறவைக்கு உச்சியும் முதுகும் கருப்பு, சிறகு சாம்பல், கண் சிவப்பு; அதில் குழப்பம் இல்லை. அதன் இளம் பறவை பழுப்பாக இருப்பதால்தான் மடையானோடு மயக்கம் வருகிறது. மடையானின் கழுத்தில் இருப்பவை கோடுகள். வக்காவின் இளம் பறவைக்குச் சிறகிலும் முதுகிலும் இருப்பவை வெள்ளைப் பொட்டுகள். பறந்தால் பிரச்சினையே இல்லை: வக்காவின் சிறகு பழுப்பாகவே இருக்கும்.

கொக்குக்கும் நாரைக்கும் பொதுவான வேறுபாடு என்ன?

பறக்கும்போது கொக்கு கழுத்தை மடித்து உள்ளிழுத்துக்கொள்ளும். நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் ஆகியவை கழுத்தை முன்னே நீட்டிப் பறக்கும். மாலையில் ஏரிக்குத் திரும்பும் கூட்டத்தை இந்த ஒரு விதியாலேயே இரண்டாகப் பிரித்துவிடலாம். கூழைக்கடாவும் கழுத்தை மடித்துத்தான் பறக்கும் என்றாலும், அந்த உடலையும் அலகையும் யாரும் கொக்கு என்று எண்ணமாட்டார்கள்.

ஆனால் பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது. சாம்பல் நாரை, செந்நாரை என்று நாம் அழைக்கும் இரண்டும் உண்மையில் கொக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கழுத்தை மடித்தே பறப்பவை. ஆற்றோரத்திலும் ஏரியோரத்திலும் பெரிதாக நிற்பதையெல்லாம் நாரை என்றே அழைப்பது மக்கள் வழக்கு; அதில் பிழை காண எதுவும் இல்லை. குறிப்பேட்டில் எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும்.

நத்தைக்குத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, செங்கால் நாரை ஆகிய மூன்றையும் எப்படிப் பிரிப்பது?

மஞ்சள்மூக்கு நாரை பெரியது. நீண்ட மஞ்சள் அலகு நுனியில் சற்றுக் கீழே வளைந்திருக்கும். முகத்தில் இறகில்லாத ஆரஞ்சுத் தோல். மார்பின் குறுக்கே கருப்பும் வெள்ளையுமான பட்டை. பின்சிறகில் ரோஜா நிறம். இவற்றில் ஒன்று தெரிந்தால்கூடப் போதும். நத்தைக்குத்தி நாரை அதைவிடச் சிறியது. உடல் வெள்ளை அல்லது அழுக்கேறிய சாம்பல் வெள்ளை, சிறகின் ஓரம் கருப்பு. மூடிய அலகின் நடுவே வெளிச்சம் தெரியும் இடைவெளிதான் அதன் முத்திரை. இளம் பறவைக்கு இந்த இடைவெளி இராது; வளர வளரத்தான் உண்டாகும். கூட்டுக்குள் நேரான அலகோடு இருக்கும் குஞ்சைப் பார்த்துப் புதிய இனம் என்று எண்ணிவிடக் கூடாது.

செங்கால் நாரை, சத்திமுத்தப் புலவரின் பாடலால் எல்லாருக்கும் பெயர் தெரிந்த பறவை. சிவந்த கூரிய அலகும் சிவந்த காலும் கொண்ட, வடக்கேயிருந்து வரும் நாரை அது. இன்று தமிழ்நாட்டில் அதைக் காண்பது அரிது. ஏரியின் மேல் உயரத்தில் வட்டமிடும் நத்தைக்குத்தி நாரைக்கும் வெள்ளை உடலும் கருப்புச் சிறகோரமும் இருப்பதாலும், கூடு கட்டும் காலத்தில் அதன் கால் செம்மை பூசியிருப்பதாலும், பலர் அதையே செங்கால் நாரை என்று காட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அலகு சிவப்பாக இருந்தால் மட்டுமே அந்தப் பெயரை எழுதுங்கள். எழுதும்போது படமும் எடுத்து வையுங்கள், நம்ப மாட்டார்கள்.

அலகில் அந்த இடைவெளி எதற்கு? நத்தையை உடைக்கவா?

பாக்குவெட்டி போல நத்தையை அலகுக்கிடையே வைத்து நொறுக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அருகே ஒரு வயலில் அது உண்பதை நின்று கவனித்தால் வேறு கதை தெரியும். நீருக்குள் அலகை விட்டு, நத்தையை மண்ணோடு அழுத்திப் பிடித்து, கீழலகின் கூரிய முனையை நத்தையின் மூடிக்கு உள்ளே நுழைத்துத் தசையை அறுத்து எடுத்துவிடும். வேலை பெரும்பாலும் நீருக்கடியிலேயே நடப்பதால், தலையை ஆட்டுவது மட்டும் நமக்குத் தெரியும். சில நொடிகளில் கருத்த சதையோடு அலகு மேலே வரும். அது போன பிறகு வரப்போரத்தில் தேடிப் பார்த்தால், ஓடு பெரும்பாலும் உடையாமல் வெறுங்கூடாகக் கிடக்கும்.

நீர்க்காகங்களில் எத்தனை வகை? பாம்புத்தாரா அவற்றில் ஒன்றா?

மூன்று வகை நீர்க்காகங்களை இங்கே எதிர்பார்க்கலாம். அதிகமாகத் தெரிவது சிறிய நீர்க்காகம்: குட்டை அலகு, குட்டைக் கழுத்து, உடலோடு ஒப்பிட்டால் நீண்ட வால். அடுத்தது கொண்டை நீர்க்காகம்: அலகு நீண்டு, ஒல்லியாகி, நுனியில் கொக்கி போல் வளைந்திருக்கும், கண் பச்சை கலந்த நீலம். இந்தக் கண்ணை நல்ல வெயிலில் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்; கருப்புப் பறவையின் முகத்தில் கல் பதித்ததுபோல் மின்னும். கூடு கட்டும்போது கண்ணுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் குஞ்சம் வரும். மூன்றாவது, பெரிய நீர்க்காகம்: ஏறக்குறைய வாத்தைப் போல் கனத்த உடல், முகத்தில் மஞ்சள் தோல், அதையொட்டி வெள்ளைத் தொண்டை, இனப்பெருக்கக் காலத்தில் தொடையில் வெள்ளைத் திட்டு.

சிறியதையும் கொண்டையையும் பிரிக்கச் சிரமப்படுபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். தலையை மட்டும் பாருங்கள். அலகின் நீளம் தலையின் நீளத்தைவிடத் தெளிவாகக் குறைந்து, நெற்றி செங்குத்தாக இருந்தால் சிறியது. அலகும் நெற்றியும் ஒரே சரிவாக நீண்டுபோனால் கொண்டை நீர்க்காகம்.

பாம்புத்தாரா வேறு குடும்பம். அதன் அலகு கொக்கி இல்லாத குத்தூசி. நீர்க்காகம் மீனைக் கவ்விப் பிடிக்கிறது, பாம்புத்தாரா குத்திப் பிடிக்கிறது. நீந்தும்போது உடல் முழுவதும் நீருக்குள் மூழ்கிக் கழுத்து மட்டும் வெளியே வளைந்து நிற்பதால்தான் இந்தப் பெயர். நீரை விட்டு வெளியே வந்ததும் இரண்டு வகைப் பறவைகளும் சிறகை விரித்துக் காயவைக்கும் என்பதால், சிறகு விரித்த தோற்றத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனும் தூரத்தில் ஒன்றுபோல் தெரிகின்றனவே?

இரண்டும் வெள்ளை, இரண்டும் கழுத்தை நீட்டிப் பறப்பவை. தலை கருப்பாக இருந்தால் வெள்ளை அரிவாள்மூக்கன். தலையை உள்ளிழுத்துத் தூங்கும்போதுதான் குழப்பம். அப்போது காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இரை தேடும்போது அரிவாள்மூக்கன் சேற்றைக் குத்திக் குத்தித் துழாவும். கரண்டிவாயன் தலையை இடமும் வலமுமாக வீசி, நீரை அரித்துக்கொண்டே நடக்கும்.

பெண் வாத்துகள் எல்லாம் ஒரே பழுப்பாக இருக்கின்றன. ஏதாவது வழி உண்டா?

உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். வாத்து பார்க்க வேடந்தாங்கலைவிட, சில கிலோமீட்டர் தொலைவில் இரண்டு ஏரிகளாக இருக்கும் கரிக்கிலி வசதியானது. மரங்கள் குறைந்து, திறந்த நீர்ப்பரப்பு அதிகம் இருக்கிறது. முதலில் அலகைப் பாருங்கள். கரண்டியைக் கவிழ்த்ததுபோல் அகன்றிருந்தால் தட்டைவாயன். சாம்பல் அலகும், ஒல்லியான நீண்ட கழுத்தும், கூர்மையான வாலும் இருந்தால் ஊசிவால் வாத்தின் பெண். உடல் சிறியதாக இருந்தால் நீலச்சிறகியா கிளுவையா என்ற கேள்வி வரும். நீலச்சிறகிப் பெண்ணின் முகத்தில் கண் வழியாக ஒரு கருங்கோடும் அதற்குக் கீழே இன்னொரு மங்கிய கோடும் ஓடும். அலகின் அடியில் வெளிறிய பொட்டு ஒன்றும் இருக்கும். கிளுவைப் பெண்ணின் முகம் வெறுமையானது. வாலின் பக்கத்தில் ஒரு வெளிர்க் கோடு தெரியும்.

அக்டோபர், நவம்பரில் வந்திறங்கும் ஆண் வாத்துகளும் பெண்ணைப் போலவே பழுப்பாக இருக்கும். ஜனவரிக்குள் பெரும்பாலான ஆண்கள் தம் நிறத்தைப் பெற்றுவிடும் என்பதால், வாத்துப் பாடத்தைத் தொடங்க ஜனவரியே ஏற்ற மாதம். புள்ளிமூக்கு வாத்து எந்த மாதத்திலும் எளிது: கருப்பு அலகின் நுனி மஞ்சள், கால் ஆரஞ்சுச் சிவப்பு.

நாமக்கோழியா, தாழைக்கோழியா?

நெற்றியில் வெள்ளை நாமம் என்றால் நாமக்கோழி. நெற்றியும் அலகும் சிவப்பாகி, நுனி மட்டும் மஞ்சளாக இருந்து, விலாவில் வெள்ளைக் கோடு ஓடினால் தாழைக்கோழி. முன்னது திறந்த நீரில் கூட்டமாக நீந்தி முக்குளிக்கும். பின்னது கோரைப்புல் ஓரத்திலேயே வாலை வெட்டி வெட்டி நடக்கும்.

சேற்றில் ஓடும் சிறு உள்ளான்களை அடையாளம் காண முடியுமா?

எல்லாவற்றையும் முதல் ஆண்டிலேயே கற்க முயல வேண்டாம். மூன்றை மட்டும் பழகுங்கள். மார்பின் பக்கத்திலிருந்து சிறகின் முன்புறம் வரை ஒரு வெள்ளை ஆப்பு ஏறி, பின்னுடலை ஓயாமல் ஆட்டிக்கொண்டே கரையோரக் கல்லில் நடப்பது சாதாரண உள்ளான். பறக்கும்போது சிறகை விறைப்பாக, விட்டு விட்டு அடித்து நீர்மட்டத்தை ஒட்டிப் போகும். முதுகு நிறையப் பொரி தூவியதுபோல் புள்ளிகளும், கண்ணைத் தாண்டிப் போகும் வெள்ளைப் புருவமும், மஞ்சள் கலந்த காலும் இருந்தால் பொரி உள்ளான். பெரும்பாலும் சிறு கூட்டமாக இருக்கும். முதுகு கருத்து, எழும்பிப் பறக்கும்போது சிறகின் அடிப்பக்கமும் கருப்பாகி, வாலடி மட்டும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால், அது தனிமையை விரும்பும் மூன்றாவது உள்ளான் (ஆங்கிலத்தில் கிரீன் சாண்ட்பைப்பர்); வயல் வாய்க்காலில் ஒன்றே ஒன்றாக நின்றிருக்கும். பொரி உள்ளானின் சிறகடிப்பக்கம் வெளிறியது என்பதால், பறக்கும் ஒரு நொடியில் இரண்டையும் பிரிக்கலாம்.

ஏரியின் மேல் சுற்றும் பருந்துகள்?

வால் பிளவுபட்டிருந்தால் கரும்பருந்து, வட்டமாக இருந்தால் செம்பருந்து. செம்பருந்தின் இளம் பறவை முழுக்கப் பழுப்பாக இருப்பதால், நிறத்தை நம்பாமல் வாலையே நம்புங்கள். கோரைக்கு மேல் தாழப் பறந்து, வாத்துகளையெல்லாம் ஒரே நேரத்தில் எழுப்பிவிடுவது சேற்றுப் பூனைப்பருந்து.

எந்த இருகண்நோக்கியை வாங்குவது?

8×42 போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன் கண்ணாடியின் குறுக்களவு மில்லிமீட்டரில். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் அதற்கேற்பப் பெரிதாகும். பார்வைப் பரப்பும் குறையும். வாங்கும் முன் கடன் வாங்கி ஒரு காலை பயன்படுத்திப் பாருங்கள். வாங்கிய பிறகு, பறவையைப் பார்த்த கண்ணை எடுக்காமல் கருவியை மட்டும் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகினால், “எங்கே, எங்கே” என்று தேட வேண்டியிராது.

செல்பேசிச் செயலி பெயரைச் சொல்லிவிடுகிறதே, இவ்வளவு படிக்க வேண்டுமா?

மெர்லின் போன்ற செயலிகள் நல்ல துணை. ஆனால் தூரத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் கொக்கின் படத்தைக் கொடுத்தால், அளவை அளக்க அதற்கும் வழியில்லை. ஐயமான இடத்தில் அது சொல்லும் பெயரை விடையாக எடுத்துக்கொள்ளாமல், சரிபார்க்க வேண்டிய ஒன்றாக எடுத்துக்கொண்டு, வாய்க்கோடு எங்கே முடிகிறது, விரல் என்ன நிறம் என்று நீங்களே பாருங்கள்.

கூட்டமாக இருப்பவற்றை எப்படி எண்ணுவது?

முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை மனத்தில் இருத்தி, அந்த அளவால் கூட்டத்தை அளந்துகொண்டே போக வேண்டும். மாலையில் திரும்பும் பறவைகளை எண்ண, எதிரே ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு, அதைக் கடப்பவற்றை மட்டும் கணக்கில் எடுங்கள். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் இதைப் பழக நல்ல வாய்ப்புகள். உங்கள் ஊர் ஏரியையே எடுத்துக்கொள்ளலாம், வேடந்தாங்கல் வரை வர வேண்டியதில்லை.

எவ்வளவு பார்த்தும் பெயர் தெரியாவிட்டால் என்ன எழுதுவது?

தெரிந்த அளவை எழுதுங்கள். பார்த்த பறவைகளைப் பதிவிடும் இணையதளமான இ-பேர்டின் பட்டியலில் “வெண்கொக்கு, இனம் உறுதியில்லை”, “நீர்க்காகம், இனம் உறுதியில்லை” என்று குறிக்க இடம் இருக்கிறது; ஊகித்து எழுதிய பெயரைவிட அது பின்னால் கணக்குப் பார்ப்பவருக்குப் பயன்படும். பக்கத்திலேயே பார்த்ததைக் குறித்துவையுங்கள்: அலகு என்ன நிறம், கால் என்ன நிறம், தூவி எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது, வெயில் எந்தப் பக்கம். என் பழைய குறிப்பேட்டில் ஒரு பக்கத்தில் “மதகருகே, காலை 7.10, கருப்பு அலகு, மார்பில் தூவி, தலையில் இல்லை” என்று மட்டும் இருந்தது, பெயர் எழுதியிருக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதைப் படித்தபோது, பறவையை மறுபடி பார்க்காமலே, நடுத்தர வெண்கொக்கு என்று அந்த வரிக்குப் பக்கத்தில் எழுத முடிந்தது.